நாலு மணிப் புள்ளி

போன வாரம் கவிதாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நான் வேலை பார்த்த வைர லேபில் இப்போது வேலை பார்க்கும் பெண். படத்தில் மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரை. "அக்கா, மெஷின் வந்துடுச்சு. கல்லை உள்ள வெச்சா கிளாரிட்டி கிரேடை அதுவே சொல்லிடுது. நாங்க சும்மா செக் பண்றதோட சரி" என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொன்று: "நம்ம க்ரூப்ல ஒரு பேச்சு ஓடுது. நீங்க பாத்ததுலயே ரொம்ப கஷ்டமான கல்லு எதுக்கா? எழுதுங்களேன்."

ரிட்டயர் ஆனவர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதைக்காக. பதில் இரண்டு வரியில் வந்தால் ஒரு பூப் படம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. கேட்டுவிட்டால் முழுசாகச் சொல்லித்தான் தீருவேன். என் வீட்டுக்காரர் இதனாலேயே என்னிடம் எதையும் கேட்பதில்லை.

உள்ளே ஒன்றுமே இல்லாத கல்தான் கஷ்டமான கல். இருப்பதை இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இல்லாததை இல்லை என்று சொல்ல நெஞ்சில் தைரியம் வேண்டும், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறது, இருக்கிறது என்று தலையாட்டும்போது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். கல்யாணமாகிச் சிட்லபாக்கம் வந்த புதிதில், தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்குள் ஒரு வைரக் கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். தண்டவாளத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டையும் உயிரோடு தாண்டிவிட்டால் வளாகத்தின் கேட். பக்கத்தில்தானே என்று போனேன். எடை போடுவதில் தொடங்கி, கல் துடைத்து, ரகம் பிரித்து, கடைசியில் கிரேடிங் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது.

கிளாரிட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வைரம் மண்ணுக்குள் உண்டாகும்போது உள்ளே ஏதாவது மாட்டிக்கொள்ளும். ஒரு புள்ளி, ஒரு இழை, ஒரு சின்ன விரிசல். அதைத்தான் தேடுவோம். லூப் என்று ஒரு சின்ன பூதக்கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். அதற்கு மேல் கூடாது. ஐம்பது மடங்கில் பார்த்தால் எந்தக் கல்லிலும் ஏதாவது தட்டுப்படும். பத்து மடங்கில் தெரியாதது எங்கள் சட்டத்தில் இல்லாதது. எவ்வளவு பெரிசு, எத்தனை, எந்த இடத்தில், என்ன வகை, எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது, இத்தனையும் பார்த்துத்தான் கிரேடு. உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் ஐ.எஃப். மிக மிகச் சின்னதாக ஒரு புள்ளி, பழகிய கண்ணுக்கே சிரமப்பட்டுத்தான் தெரியும் என்றால் வி.வி.எஸ். அதற்குக் கீழே படிகள் நிறைய இருக்கின்றன. இந்தக் கதைக்கு இந்த இரண்டு போதும்.

எங்கள் தெருவில் இது யாருக்கும் புரியாது. "வைரக் கம்பெனியிலதானே இருக்கே, இந்தத் தோட்டுல தோஷம் இருக்கான்னு பாரேன்" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். கடையில் சொல்லிக் கல்லை வீட்டுக்கு வாங்கிவந்து, தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, கனவு நல்லதாக வந்ததா என்று பார்த்துவிட்டு வாங்குகிற குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. லேபில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நாங்கள் படித்தவர்கள், லூப் வைத்திருப்பவர்கள் என்று அப்படி ஒரு இளக்காரம்.

எங்கள் தலைமை கிரேடர் கோதண்டம் சார். மேடவாக்கத்துக்காரர். அவர்கள் வீட்டு நிலத்தில்தான் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. வாடகையே வேண்டிய அளவு வரும். மனுஷன் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். சின்ன வயதில் பம்பாய்க்கு ஓடிப்போய் வைரம் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தவர், அந்த மயக்கம் கடைசிவரை தெளியவில்லை. பழைய ஸ்கூட்டரில் மேடவாக்கத்திலிருந்து தண்ணீர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வருவார். ஓய்வு பெறும் வயது தாண்டியும் கம்பெனி அவரை விடவில்லை.

அவர் கல் பார்ப்பதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பஞ்சு உதிராத துணியில் கல்லை உருட்டித் துடைப்பார். ட்வீசர் என்கிற இடுக்கியால் கல்லின் இடுப்பைப் பிடித்து, லூப்பைக் கண்ணோடு ஒட்டவைத்து, லூப் பிடித்த கையை இன்னொரு கையில் முட்டுக்கொடுத்து, மூச்சைக் குறைத்துக்கொண்டு குனிவார். மற்றக் கண்ணை மூடக் கூடாது, மூடினால் களைத்துவிடும் என்பார். மேல்தட்டில் தொடங்கி, கடிகாரம் சுற்றுகிற திசையிலேயே ஒவ்வொரு பட்டையாக வருவார். புள்ளி எங்கே என்பதையும் கடிகாரத்தை வைத்துத்தான் சொல்வோம். ட்வீசர் பிடித்த இடம் ஆறு மணி. மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்கு.

"அவசரம் இன்னாம்மா? கல்லு எங்கியும் ஓடிப்பூடாது" என்பதுதான் அவர் அடிக்கடி சொல்வது. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் இறங்கும். அதற்குத்தான் பயப்படுவோம்.

மேஜைக்கு வந்த முதல் நாள் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார். "புள்ளி தெரிஞ்சா ஒடனே எழுதிடாத. கல்லைத் திருப்பு. புள்ளியும் கூடத் திரும்புனா அது கல்லுக்குள்ள கீது. கல்லு திரும்பி, புள்ளி அங்கியே நின்னா அது லூப்ல ஒட்டிகினு கீற அழுக்கு. தொட."

விதிப்படி ஒரு கல்லை மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் என்ன எழுதினார் என்று மற்றவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் லேபில் அது எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. சார் முதலில் பார்ப்பார். "டேபிளுக்குக் கீழ, ரெண்டு மணி, ஒத்தப் புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்வார். நாங்கள் அந்த இடத்தைப் பார்த்து ஆமாம் போடுவோம். டேபிள் என்றால் கல்லின் மேல்தட்டு. தேடுகிற நேரம் மிச்சம், வேலை மளமளவென்று முடியும். சார் சொன்னது தப்பாகி யாரும் பார்த்ததில்லை. அதனால் இது சரியா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் சாருக்குக் கொசுத் தொல்லை ஆரம்பித்தது. வேலை நடுவில் முகத்துக்கு முன்னால் கையை வீசுவார். "ஏசி ரூம்ல கொசு எப்டிம்மா வருது? பேஜார் பண்துபா" என்பார். தூசிகூட நுழையக் கூடாது என்று இரட்டைக் கதவு போட்ட அறை அது. எங்களில் யாருக்கும் கொசு கண்ணில் படவில்லை, எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆனாலும் ஆள் வரவழைத்து மருந்து அடித்தார்கள். ஸ்ரீதர் தன் வீட்டிலிருந்து கொசு பேட் கொண்டுவந்து சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். அவன் என் பக்கத்து இருக்கை கிரேடர், மாடம்பாக்கத்துப் பையன், சார் என்றால் உயிர்.

அதே சமயம்தான் எங்கள் லேபில் சுத்தமான கற்கள் வருவது நின்றுபோனது. நல்ல கல் எதை எடுத்தாலும் சார், "டேபிளுக்குக் கீழ, நாலு மணி, பொடிப் புள்ளி" என்பார். ஐ.எஃப். ஆக வேண்டிய கல் வி.வி.எஸ்.ஸுக்கு இறங்கும். ஏற்கெனவே விரிசலும் இழையும் உள்ள கற்களில் ஒரு புள்ளி கூடினால் ஒன்றும் ஆகாது, கிரேடு மாறாது. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. கம்பெனி முதலாளிகூட, "இந்த வருஷம் சரக்கே சரியில்லை" என்று சலித்துக்கொண்டாராம்.

எனக்கு அந்தப் புள்ளி தெரியவில்லை.

முதல் கல்லில் தெரியாதபோது லூப்பைத் துடைத்துக்கொண்டேன். அடுத்ததில் தெரியாதபோது விளக்கை நகர்த்தினேன். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. "தெரியலையே சார்" என்றேன். சார் ஸ்ரீதரைப் பார்த்தார். ஸ்ரீதர் லூப்பை எடுத்துக் குனிந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "இருக்கு சார். பட்டும் படாம இருக்கு. நாலு மணிதான்" என்றான்.

இப்படி ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப நடந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் பார்த்துவிட்டு இருக்கு என்றார்கள். எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை "தெரியலை" என்று சொல்லும்போதும் என் குரல் எனக்கே பிடிக்காமல் போயிற்று. ஆனால் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அவ்வளவு பிடிவாதக்காரி.

கடைசியில் ஒரு நாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பரிதாபப்பட்டார். "வயசு ஆவுதில்லம்மா. கண்ணுன்னா எல்லாருக்கும் ஒரு நாள் சோர்ந்துதான் போவும். அடுத்த மாசத்துலேந்து நீ எடை போடற எடத்துக்குப் போயிடு. சம்பளம் கொறையாது, நான் சொல்லிக்கிறேன்" என்றார். பேசிக்கொண்டே டீ டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை டம்ளரில் இடித்து டீ மேஜையெல்லாம் ஓடியது. வலது பக்கம், கைக்குப் பக்கத்திலேயே இருந்த டம்ளர். நான் துணி எடுத்துத் துடைத்தேன். அப்போது என் துக்கம் எனக்கு. வேறு எதையும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் சாய்ந்து நின்று அழுதேன். என்னிடம் நகை இல்லை, நிலம் இல்லை, பெரிய பட்டம் இல்லை. கண் ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டது என்றால் நான் யார்? என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், யாரைச் சமாதானப்படுத்தினாலும் பாடம் நடத்துகிற மாதிரிதான் இருக்கும். "நேத்து அரிசியில கடுகளவு கல்லை நின்ன எடத்துலேர்ந்து பொறுக்கிப் போட்டே. உனக்குக் கண்ணு தெரியலைன்னா இந்தத் தெருவுல யாருக்கும் தெரியலை. போய் டாக்டரைப் பாக்கலாம் வா, சந்தேகத்தை வெச்சுக்கிட்டுக் குமுறாதே" என்றார்.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டுக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை உட்காரவைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேட்டாள்.

"கண்ணு முன்னாடி கரும்புள்ளி, கொசு மாதிரி எதாவது பறக்குதாம்மா?"

"இல்லை."

"ஓரத்துல மின்னல் வெட்டற மாதிரி?"

"இல்லையே."

"பக்கவாட்டுலேர்ந்து திரை இழுத்த மாதிரி மறைக்குதா? பக்கத்துல இருக்கற சாமான் தெரியாம இடிச்சுக்கறது, அந்த மாதிரி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது. கொசு. டம்ளர். நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்த பேட்.

"அம்மா, உங்க கண்ணு பிரமாதமா இருக்கு. படிக்கற கண்ணாடி பவர் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றாள் டாக்டர். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்குச் சாரின் நினைப்புத்தான். "இந்தக் கொசு வந்து, அப்புறம் திரை வந்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். "உள்ள விழித்திரை பிஞ்சுகிட்டு வருதுன்னு அர்த்தம். அன்னிக்கே பாக்கணும். விட்டா பார்வை போயிடும்" என்றாள். "யாருக்காவது இருக்கா?" என்று அவள் கேட்டபோது நான் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். சப்வேயைத் தாண்டி சானடோரியம் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மருந்து விட்ட கண்ணில் வெயில் ஊசியாகக் குத்தியது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கல். வாழ்நாள் முழுக்கக் கண்ணை நம்பிப் பிழைத்தவள், அன்றைக்குக் குருடி மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு லேபுக்குள் போனேன்.

சார் பெரிய கல் ஒன்றை ட்வீசரில் பிடித்துக் குனிந்திருந்தார். ஸ்ரீதர் பக்கத்தில். "டேபிளுக்குக் கீழ, நாலு மணி" என்று சொல்லி முடித்த நேரம் நான் போய் நின்றேன்.

"லீவு சொன்னியே, இன்னாம்மா?" என்றார்.

"சார், அந்தக் கல்லை அரை வட்டம் திருப்பிப் பிடிங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க. திருப்புங்க."

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, மறு பேச்சுப் பேசவில்லை. கல்லைத் துணியில் வைத்துத் திருப்பி எடுத்தார். கல்லுக்குள் புள்ளி இருந்தால் நாலு மணியில் இருந்தது இப்போது பத்து மணிக்குப் போயிருக்க வேண்டும். லூப்பை வைத்துக் குனிந்தார்.

"எங்க சார் இருக்கு?"

ட்வீசரைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "நாலு மணி" என்றார்.

"லூப்பைத் துடைங்க சார்."

துடைத்தார். அவர் துடைப்பது பூஜைப் பாத்திரம் துடைக்கிற மாதிரி இருக்கும். மறுபடி பார்த்தார். "நாலு மணி."

"அக்கா, நானும்தான் பாத்தேன், நாலு மணிலதான்..." என்று ஸ்ரீதர் ஆரம்பித்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மேஜை மேலிருந்த வெள்ளைக் காகிதத்தைத் தடவி எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"கல்லைக் கீழே வெச்சிடுங்க சார். வெறும் காகிதத்தைப் பாருங்க."

ட்வீசரை வைத்தார். லூப்பைக் கண்ணில் வைத்துக் காகிதத்தின் மேல் குனிந்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை, கலங்கலாக ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. அது நிமிரவே இல்லை.

"கீதும்மா" என்றார்.

குரல் இறங்கியிருந்தது. அவர் கோபப்படும்போது இறங்குவதைவிட இன்னும் கீழே.

ஸ்ரீதர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். நான் சாரின் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது ஓரத்துல எதாவது மறைக்குதா சார்?" என்று கேட்டேன். "நாலஞ்சு நாளா கறுப்பா ஒண்ணு ஏறிகினு வருதும்மா. கண்ணாடிலதான் அழுக்குன்னு நென்ச்சேன். தொடச்சிகினே இருந்தேன்" என்றார். அடக் கடவுளே என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணோடு அவர் தினம் மேடவாக்கத்திலிருந்து அத்தனை லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டி வந்திருக்கிறார். வலது பக்கம் வண்டி வந்தால் தெரிந்தே இருக்காது.

கிளம்புவதற்கு முன்னால் கல்லை மடிப்புக் காகிதத்தில் வைத்து மடித்தார். கை பழக்கத்தில் தானாக மடித்தது. அதை ஸ்ரீதரிடம் நீட்டி, "இதை வேற யாராவது புதுசா பாக்கட்டும். நான் பாத்தது கணக்குல இல்ல" என்றார்.

நான் போய் வந்த அதே ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனோம். அந்தச் சின்ன டாக்டர் நாங்கள் சொன்னதைக் கேட்டு, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகம் மாறி, "ஸ்கூட்டர்லயா வந்துகிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். உடனே சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டு ஆபரேஷன் செய்தார்கள். வலது கண்ணில் பாதிப் பார்வைதான் மிஞ்சியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார்களாம். சாரின் வீட்டம்மா போனில் இதைச் சொல்லும்போது என்னைக் கும்பிட்டார்கள். நான் கும்பிடு வாங்கும் நிலையில் இல்லை. எத்தனை நாள் அந்தக் கொசுவைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறோம் என்று நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மேடவாக்கம் போய்ப் பார்த்தேன். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தலையைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டுமாம். கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். சார் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையின் ஓரத்தில் நெற்றியைக் கொடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். வெளியே தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் பார்வைக்கு என் கால்தான் தெரிந்திருக்கும்.

"கல்லுங்கள்லாம் இன்னாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி.

இன்னும் லேபை விட்டு வெளியே போகாமல் இருந்த கற்களை எல்லாம் வெளி ஆளை வைத்துத் திரும்பப் பார்த்ததைச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல சார். எல்லாம் சுத்தம்."

"எல்லாமா?"

"எல்லாம் சார்."

நெற்றியைத் தலையணையில் இன்னும் அழுத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். அழவில்லை.

"ஸ்ரீதரு பாத்தேன்னு சொன்னானே. அந்தப் பொண்ணுங்களும் சொல்ச்சிங்களே. ஒரு கல்லுல இல்லம்மா, எல்லாக் கல்லுலயும் பாத்தேன்னு சொன்னாங்க."

நான் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எனக்குக் கண்ணு போச்சும்மா. அவங்களுக்கு இன்னா போச்சு?" என்றார் தரையைப் பார்த்தபடி.

மறுநாள் லேபில் ஸ்ரீதரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாருக்கு நல்ல பிள்ளையாக இருப்பதற்காகப் பொய் சொல்லியிருக்கிறான், அவன் ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லியிருந்தால் சாரின் கண் முழுசாகத் தப்பியிருக்கும் என்று நினைத்திருந்தேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

அவன் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன். பொய் சொல்லலக்கா. நான் பாத்தேன். சார் சொன்ன எடத்துல, நாலு மணில, பொடியா. இப்ப அதே கல்லை எடுத்துப் பாத்தா இல்ல. ஆனா கண்ணை மூடினா இன்னும் அங்கதான் தெரியுது" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

பொய் சொன்னேன் என்று அவன் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். அவன் பார்த்தேன் என்றான். அந்தப் பெண்களையும் கேட்டேன். அவர்களும் பார்த்தார்களாம். நல்ல கண், நல்ல லூப், நல்ல வெளிச்சம். இல்லாத புள்ளியைப் பார்த்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் வைரத்தை வைத்துக் கனவு பார்ப்பவர்களைக் கேலி செய்து சிரித்த கூட்டம், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கனவு கண்டிருக்கிறது. எனக்கு அன்றைக்கு விழுந்த அடி இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பேர் மூன்று அறையில் உட்கார்ந்து பார்த்தோம். பெரியவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். என்னை எடை போடும் இடத்துக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. சார் திரும்பி வேலைக்கு வரவில்லை. எப்போதாவது வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். இடது கண் நன்றாக இருந்தும் லூப்பைக் கையில் எடுக்கவே மாட்டார்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, கவிதாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்தது. அவளிடம் கேட்டேன்: "மெஷின் சொன்னதுக்கு அப்புறம் நீங்க கல்லைப் பாப்பீங்களா, முன்னாடியா?"

உடனே பதில் வந்தது. "அப்புறம்தான்க்கா. திரையில சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிடும். அந்த எடத்தை மட்டும் லூப்ல பாத்தா போதும். டைம் ரொம்ப மிச்சம்."

"வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லாம என்னிக்காவது இருந்திருக்கா?"

"இல்லக்கா. ஒரு தடவைகூட இல்ல. காட்டின எடத்துல எப்பவும் இருக்கும். நாங்க எல்லாருமே பாப்போம்."

கோதண்டம் சாருக்குப் போன் செய்தேன். அந்தச் செய்தியை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

"எல்லாரும் பாத்தாங்களாமா?" என்று கேட்டார்.

"எல்லாரும், சார்" என்றேன்.